தமிழ் மண்ணில் வாழ்ந்த மராட்டிய மன்னர் சரபோஜி

தாணே ரெயில் நிலையத்தில் காலை நேரத்தில் காதில் விழும் மொழிகளை எண்ணினால் கைவிரல்கள் போதாது. மராட்டி, குஜராத்தி, இந்தி, சிந்தி, உருது, கொங்கணி, கன்னடம், மலையாளம், தெலுங்கு, தமிழ் என்று எல்லாம் கேட்கும். வாக்ளே எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களும், கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு மின்சார ரெயில் பிடிக்கிறவர்களும் ஒரே கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்கு வந்த தமிழர்களின் கதை எல்லோரும் அறிந்தது. அதற்கு வெகு காலம் முன்பே மராட்டியர்கள் தமிழ் மண்ணுக்குப் போனார்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகள் அங்கே ஆண்டார்கள். அந்தப் பரம்பரையில் உலகம் அறிந்த பெயர் ஒன்று உண்டு. அவர்தான் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி.

அவர் வீட்டு மொழி மராட்டி. அவரைச் சுற்றி வாழ்ந்த மக்களின் மொழி தமிழ். அரண்மனைப் பாடகர்கள் பெரும்பாலும் பாடியது தெலுங்கில். அவரை ஆளாக்கியவர் ஒரு ஜெர்மானியப் பாதிரியார். அவரது நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் ஆங்கிலேயர்கள். இத்தனை பேருக்கும் நடுவில் வாழ்ந்து, யாரையும் விலக்காமல், தன் மொழியையும் விடாமல் காத்தவர் அவர்.

தெற்கே வந்த போன்ஸ்லேக்கள்

சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜி போன்ஸ்லே. ஷாஜியின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவர் வெங்கோஜி. ஏகோஜி என்றும் அவரைச் சொல்வார்கள். பிஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத் தெற்கே வந்த வெங்கோஜி, 1676-ம் ஆண்டில் தஞ்சையில் தமது ஆட்சியை நிலைநாட்டினார். அதற்கு முன் அங்கே இருந்தது தெலுங்கு பேசிய நாயக்கர்களின் ஆட்சி.

மன்னர் தனியாக வரவில்லை. படைவீரர்கள் வந்தார்கள். கணக்கர்கள், எழுத்தர்கள், புரோகிதர்கள், சமையற்காரர்கள் வந்தார்கள். காவிரிக் கரையில் வீடு கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். பேரப் பிள்ளைகளுக்குத் தஞ்சைதான் சொந்த ஊர்.

இரண்டு மொழிகள் ஒரே தெருவில் வாழ்ந்தால் சொற்கள் சும்மா இருப்பதில்லை. வெந்நீர் போட வைக்கும் கங்காளமும், கெட்டிக்காரனைக் குறிக்கும் கில்லாடியும் மராட்டியிலிருந்து தமிழுக்கு வந்தவையே. வந்தவர்கள் உள்ளூர் வழிபாட்டையும் மதித்தார்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமானதைக் கட்டியவர், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

சுவீகாரப் பிள்ளை

பிரதாப சிங்கின் மகன் துளஜா. அவர் காலத்தில் தஞ்சைக்குக் கெட்ட காலம் பிறந்தது. 1773-ல் ஆற்காடு நவாப், ஆங்கிலேயர் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்துக்கொண்டார். 1776-ல்தான் துளஜாவுக்கு நாடு திரும்பக் கிடைத்தது.

அதே ஆண்டுகளில் மேற்கிலும் ஆங்கிலேயர் கை நீண்டுகொண்டிருந்தது. 1737-ல் போர்த்துகீசியரிடமிருந்து மராட்டியர்கள் மீட்ட தாணே கோட்டை, 1774-ல் ஆங்கிலேயர் வசம் போயிற்று. தஞ்சையும் தாணேயும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே கையில் அடிபட்டன.

1781-ல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. வயல்கள் அழிந்தன. பஞ்சம் வந்தது. துளஜாவின் பிள்ளைகள் எல்லோரும் இறந்துபோனார்கள். நோயும் துயரமும் வாட்ட, சாகும் தறுவாயில் அவர் போன்ஸ்லே குடும்பத்திலேயே ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். அது 1787-ம் ஆண்டு ஜனவரி மாதம். 1777-ம் ஆண்டு செப்டம்பரில் பிறந்த அந்தச் சிறுவனுக்கு அப்போது 9 வயது. அவன்தான் சரபோஜி.

இருட்டறையில் இளவரசர்

பிள்ளையைக் காக்கும் பொறுப்பை யாரிடம் விடுவது? துளஜா தேர்ந்தெடுத்தவர் உறவினர் அல்ல, மராட்டியரும் அல்ல. சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1778 முதல் தஞ்சையில் தங்கித் தொண்டு செய்தவர். தமிழும் மராட்டியும் பார்சியும் பேசுவார். பஞ்ச காலத்தில் அரண்மனையின் பேச்சை நம்பாத விவசாயிகள்கூட, சுவார்ட்ஸ் சொன்னால் பணம் வரும் என்று நம்பிக் கோட்டைக்குத் தானியம் கொண்டுவந்தார்கள். அவ்வளவு நாணயம் அவருக்கு.

பாதிரியார் தயங்கினார். மன்னரின் மாற்றாந்தாய் வழித் தம்பி அமர்சிங் இருக்கும்போது தாம் பொறுப்பேற்பது சரியல்ல என்று கருதினார். அதனால் அமர்சிங் பாதுகாவலர் ஆனார். துளஜா கண்ணை மூடியதும் நிலைமை மாறியது. சுவீகாரம் செல்லாது என்று வாதம் எழுந்தது. பண்டிதர்கள் சிலர் அதற்குச் சாஸ்திரம் காட்டினார்கள். ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். அமர்சிங்கே சிம்மாசனம் ஏறிவிட்டார்.

சிறுவன் சரபோஜி அரண்மனையில் கைதிபோல் வைக்கப்பட்டான். வெளிச்சம் குறைந்த அறை. படிப்புச் சொல்லித்தர ஆள் இல்லை. செய்தி சுவார்ட்சுக்குப் போயிற்று. தாம் அன்று எடுத்த முடிவின் விளைவு இது என்று அவர் வருந்தினார். சென்னைக்கு எழுதினார். மீண்டும் மீண்டும் எழுதினார். கடைசியில் 1793-ல் சரபோஜியும் துளஜாவின் மனைவியரும் பாதுகாப்புடன் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

பாதிரியாரும் மாணவரும்

சென்னையில் அந்த இளைஞர் வெளி உலகத்தைப் பார்த்தார். ஆங்கிலம் கற்றார். விஞ்ஞானம், பூகோளம், உடற்கூறு என்று எதைக் கொடுத்தாலும் படித்தார். தமிழ், தெலுங்கு, மராட்டி, சமஸ்கிருதம் ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற்றார். இருட்டறையில் கிடந்த காலத்துக்கும் சேர்த்துப் படித்ததுபோல் இருந்தது அந்த வேகம்.

சரபோஜியின் உரிமைக்காகச் சுவார்ட்ஸ் கும்பினி அதிகாரிகளிடம் தொடர்ந்து வாதாடினார். சுவீகாரம் செல்லுமா என்பது பற்றி வேறு பண்டிதர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. அது சரபோஜிக்குச் சாதகமாக வந்தது. 1798-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மன்னரானார். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை சுவார்ட்சுக்கு. அந்த ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதியே தஞ்சையில் அவர் காலமாகிவிட்டார்.

ஆசிரியரை மன்னர் மறக்கவில்லை. அவருடைய கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே இரங்கற்பா எழுதினார். லண்டனில் பெயர்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் பாதிரியார் கிடக்க, அருகில் நின்று சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கும் காட்சி அது. தஞ்சைச் சிறிய கோட்டையில் உள்ள தேவாலயத்தில் அதைக் காணலாம்.

பாதிரியாரிடம் வளர்ந்தும் சரபோஜி மதம் மாறவில்லை. கடைசிவரை பக்தியுள்ள இந்துவாகவே வாழ்ந்தார். மாணவர் மதம் மாறவில்லை என்பதற்காக ஆசிரியர் அன்பைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

நாடு போன மன்னர்

மணிமுடி வந்த அடுத்த ஆண்டே நாடு போயிற்று. 1799-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தஞ்சைச் சீமையின் நிர்வாகம் முழுவதும் கும்பினிக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும். ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குத் தருவதாக ஏற்பாடு. அமர்சிங்குக்கும் உதவித்தொகை கொடுத்தார்கள். அவர் திருவிடைமருதூரில் குடியேறி, 1802-ல் மறைந்தார்.

படை இல்லை, வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. இந்த நிலையில் பல மன்னர்கள் மதுவிலும் கேளிக்கையிலும் மூழ்கிப்போனார்கள். சரபோஜிக்கு அப்போது 22 வயது. அடுத்த 33 ஆண்டுகளை அவர் படிப்பிலும் அறத்திலும் கலையிலும் செலவிட்டார்.

சத்திரங்களைக் காத்தார்

நிர்வாகத்தை விட்டுக் கொடுத்தாலும், ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதமாக நின்றார். அது சத்திரங்கள். ராமேசுவரம் போகும் பாதையில் மராட்டிய மன்னர்களும் அரசியரும் கட்டிய சத்திரங்கள் பல இருந்தன. அவற்றுக்கு எழுதிவைத்த நிலங்களைக் கும்பினி எடுத்துக்கொண்டால் அன்னதானம் நின்றுபோகும் என்று அவர் அஞ்சினார்.

1801-ல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்பதை அதில் விவரமாகச் சொன்னார். பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கர்களுக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசி பருப்பு கொடுப்பார்கள். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருக்கிறார்களா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு. கர்ப்பிணிகளைக் கவனிக்க ஏற்பாடு உண்டு. அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

பந்தியிலும் சமையலிலும் சாதிப் பாகுபாடு இருந்த காலம் அது. ஆனால் பசியோடு வந்தவன் எந்த நாட்டவன், என்ன மொழி பேசுகிறவன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. சரபோஜியின் வாதம் வென்றது. சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே நின்றன. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் அவரே ஒரு பெரிய சத்திரம் கட்டினார். அங்கே பள்ளிக்கூடமும் நடந்தது. ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காகக் கண்ணந்தங்குடியில் ஒரு தருமத்தையும் அவர் நடத்திவந்தார்.

ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம்

அரண்மனையில் நாயக்கர்கள் சேர்த்து வைத்த நூலகம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் ஏடுகள். போன அரசின் ஏடுகள் தமக்கு எதற்கு என்று மராட்டியர்கள் ஒதுக்கவில்லை. சரபோஜி அதை ஊர் வியக்கும் நூலகமாக வளர்த்தார். சமஸ்கிருத ஏடுகள் பல்லாயிரம். தமிழ் ஏடுகள், மராட்டி ஏடுகள், தெலுங்கு ஏடுகள் தனித்தனியே சேர்ந்தன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் முதலிய மொழிகளில் 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட அச்சுப் புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்தார். பல புத்தகங்களில் அவர் கையெழுத்து இன்றும் தெரிகிறது. அதுதான் சரசுவதி மகால்.

நூலகம் என்றால் பண்டிதர்கள் வேண்டும். படி எடுக்க ஆட்கள் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்தார். அரண்மனைக் கணக்குகளை மராட்டி எழுத்தர்கள் மோடி என்ற வேக எழுத்தில் எழுதினார்கள். யாருக்கு என்ன சம்பளம், எந்தத் திருவிழாவுக்கு என்ன செலவு என்பதெல்லாம் அந்தக் கட்டுகளில் உள்ளன. தமிழ்நாட்டு வரலாற்றுக்கு அவை பெரிய புதையல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. பெயர் தெரியாத எழுத்தர்களின் உழைப்பு அது.

அச்சுக்கூடம் ஒன்றையும் மன்னர் நிறுவினார். தேவநாகரி எழுத்துகளை வார்ப்பித்தார். ஈசாப்பு நீதிக் கதைகளை மராட்டியில் மொழிபெயர்க்கச் செய்து அச்சிட்டார். மராட்டியில் அச்சான மிகப் பழைய புத்தகங்களுள் அது ஒன்று. மராட்டிய நாட்டில் அச்சுத் தொழில் பரவும் முன்பே, தமிழ்நாட்டுத் தஞ்சையில் மராட்டிப் புத்தகம் அச்சேறிவிட்டது. பல மொழிகளைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடமும் அரண்மனை ஆதரவில் நடந்தது.

மூன்று குறவஞ்சிகள்

குறவஞ்சி தமிழுக்கே உரிய நாடகம். தலைவி ஏங்குவாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். தன் மலைவளமும் நாட்டுவளமும் பாடுவாள். சரபோஜி காலத்துத் தஞ்சையில் இந்த ஒரு வடிவம் மூன்று வேஷம் கட்டியது.

கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சைவப் புலவர். அவர் மன்னரையே தலைவராக வைத்துச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். அது தஞ்சைப் பெரிய கோவிலில் ஆடப்பட்டது. மராட்டிய மன்னருக்குத் தமிழ்ப் புலவர் சூட்டிய மாலை அது.

வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவக் கவிஞர். திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவயதில் சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். சரபோஜியும் அவரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். அவர் பாடியது பெத்லகேம் குறவஞ்சி. இயேசுநாதரின் புகழைக் குறத்தி பாடுவாள். மன்னர் தம் பழைய தோழரை ஆதரித்தார்.

மூன்றாவது குறவஞ்சி மன்னர் பெயராலேயே வழங்குகிறது. அது தேவேந்திரக் குறவஞ்சி. மொழி மராட்டி. குறத்தி இந்திராணிக்கு உலகப் பூகோளத்தைச் சொல்கிறாள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டம் கண்டமாகப் பாடுகிறாள். மேல்நாட்டுப் பாடப் புத்தகத்தின் விஷயம், தமிழ் நாடகத்தின் உருவம், மராட்டிச் சொற்கள்.

சைவருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று, மராட்டியருக்கு ஒன்று. யாரும் தங்கள் அடையாளத்தை இழக்கவில்லை. குறத்தியை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள்.

நோய்க்கு மொழி இல்லை

தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தைச் சரபோஜி நடத்தினார். ஆயுர்வேத வைத்தியர், சித்த வைத்தியர், யுனானி ஹக்கீம், ஆங்கில டாக்டர் என நான்கு முறைகளிலும் வல்லவர்கள் அங்கே கூடினார்கள். எந்த மருந்து எந்த நோய்க்குக் கேட்கிறது என்று சோதித்துக் குறித்தார்கள். குணமளித்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவை பல தொகுதிகளாகப் பின்னாளில் அச்சாயின.

கண் வைத்தியத்தில் மன்னருக்குத் தனி ஆர்வம். கண்புரை அறுவையைத் தாமே செய்தார் என்று கூறப்படுகிறது. அரண்மனைக்கு வந்த கண் நோயாளிகளின் விவரங்கள், நோயுற்ற கண்ணின் வண்ணப் படத்தோடு எழுதி வைக்கப்பட்டன. இந்தக் குறிப்புகளை இக்காலக் கண் மருத்துவர்களும் ஆராய்ந்து வியந்திருக்கிறார்கள்.

சதங்கையும் பிடிலும்

தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் சரபோஜியின் சபையில் இருந்தார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்திய பெருமை அவர்களுக்கு உரியது. அதே சபையில் ஆங்கில பாண்டு வாத்தியமும் முழங்கியது. மேல்நாட்டுப் பிடில் கர்நாடக இசைக்குள் நுழைந்ததும் இந்தக் காலத்தில்தான். வடிவேலுவும், அரண்மனையைச் சேர்ந்த வராகப்பையரும் அதில் பேர் பெற்றவர்கள். சதிர் ஆட்டத்துக்கு மராட்டியில் எழுதப்பட்ட பாடல்களும் சரபோஜி பெயரில் கிடைத்திருக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் ராஜராஜ சோழனின் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அதே கோவிலில் 1803-ல் சரபோஜி தம் குலத்தின் வரலாற்றை மராட்டியில் வெட்டி வைத்தார். மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று அது. சோழன் எழுத்தை அழித்து அதன்மேல் எழுதவில்லை. வேறோர் இடத்தில் எழுதினார்.

குறையும் உண்டு

சரபோஜி காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அவர் செலவிட்ட பணம் காவிரிப் படுகை விவசாயியின் வியர்வை. தஞ்சையில் நில வரி கடுமையாக இருந்தது. மராட்டியர் காலத்திலும் அப்படி. கும்பினிக் காலத்திலும் அப்படி. வயலில் இறங்கி உழைத்த பண்ணையாட்களின் அடிமை நிலை மாறவில்லை.

அவர் ஆங்கிலேயர் தயவில் வாழ்ந்தவர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடச் சாளுவநாயக்கன்பட்டினம் கடற்கரையில் எட்டடுக்கு மனோராவைக் கட்டினார். தம் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. அதில்கூடச் செய்தியைப் பல மொழிகளில் கல்லில் பொறிக்க மறக்கவில்லை.

காசி யாத்திரையும் மறைவும்

1820-ல் சரபோஜி காசி யாத்திரை புறப்பட்டார். சுமார் 3 ஆயிரம் பேர் உடன் போனார்கள். புண்ணிய தீர்த்தங்களில் நீராடினார். ஏழைகளுக்கு உணவளித்தார். போன இடமெல்லாம் ஏட்டுச் சுவடிகளைத் தேடி வாங்கினார். திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்த செல்வம் அவைதான்.

1826-ல் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்து அவரைச் சந்தித்தார். மன்னரின் படிப்பும் பண்பும் ஹீபரை வெகுவாகக் கவர்ந்தன.

1832-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சரபோஜி மறைந்தார். வயது 54. அவருக்குப் பின் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கும்பினி தஞ்சை அரசையே எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துகளுக்கும் சீல் வைத்தது. அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடர்ந்தார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1859-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

வாளால் வந்த அரசு மறைந்தது. நூலகம் நின்றது. 1918-ல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள்.

தஞ்சையிலிருந்து மாட்டுங்கா வரை

தஞ்சை மராட்டியர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. வீட்டில் தஞ்சாவூர் மராட்டி பேசி, வெளியில் தமிழ் பேசி, தமிழில் படித்து வேலைக்குப் போகும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளன. புணே மராட்டிக்காரருக்கு அவர்கள் பேச்சு பழங்கால மராட்டியாகவும், நடுநடுவே தமிழாகவும் கேட்கும். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சை மராட்டியரான சர் டி.மாதவராவ் திருவிதாங்கூருக்கும் இந்தூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்து புகழ்பெற்றார்.

கலையும் பயணம் போயிற்று. 1880-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மணப்பெண்ணோடு தஞ்சை நாட்டியக்காரர்களும் பரோடாவுக்குப் போனார்கள். 1940-களில் திருவிடைமருதூர் நட்டுவனார் குடும்பம் ஒன்று பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது. அங்கே தமிழ்ப் பெண்களோடு மராட்டிப் பெண்களும் குஜராத்திப் பெண்களும் சலங்கை கட்டினார்கள். தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் சோறு போட்டு வளர்த்த கலை, மராட்டிய மண்ணில் தமிழ் ஆசிரியர்களின் கையால் மீண்டும் பந்தி வைக்கப்பட்டது.

இந்த உறவில் கசப்பான நாட்களும் உண்டு. 1966-ல் சிவசேனை தோன்றிய பின் முதல் சில ஆண்டுகள், பம்பாயில் தென்னாட்டவருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. ஓட்டல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மண்ணின் மைந்தர் யார், வந்தேறி யார் என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அந்த நாட்களைக் கண்ட முதியவர்கள் இருக்கிறார்கள்.

சரபோஜியின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்கிறது. தஞ்சையில் அவரும் வந்தவர்களின் வழியில் வந்தவரே. அவர் தம் மொழியைக் கைவிடவில்லை. மராட்டியில் எழுதினார், அச்சிட்டார், கல்லில் பொறித்தார். அதே நேரத்தில் ஊரின் மொழியைக் கற்றார். ஊர்ப் புலவருக்கும் வைத்தியருக்கும் ஆட்டக்காரருக்கும் அரண்மனையில் இடம் கொடுத்தார். நல்லெண்ணப் பேச்சோடு நிறுத்தாமல் பள்ளிக்கூடம் வைத்தார்; சம்பளம் கொடுத்தார்; சத்திரத்தில் சோறு போட்டார். ஒற்றுமை என்பது இப்படிப்பட்ட அன்றாடக் காரியங்களால் வளர்வது.

அவரிடம் அரண்மனை இருந்தது. ஆலையில் வேலை செய்கிறவரிடமும் அலுவலகத்தில் எழுதுகிறவரிடமும் அது இல்லை. ஆனாலும் அவர் செய்ததில் இரண்டு காரியங்கள் யாருக்கும் முடியும். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தரலாம். அடுத்த வீட்டுக்காரரோடு அவர் மொழியில் நாலு வார்த்தை பேசலாம். பேச்சுக்கு விஷயம் வேண்டுமென்றால், தஞ்சையில் வாழ்ந்த இந்தப் போன்ஸ்லேயின் கதையிலிருந்தே தொடங்கலாம். அது அடுத்த வீட்டுக்காரருக்கும் சொந்தக் கதைதான்.